முதல் லைன் எழுந்திருக்கவில்லை

1

நாளை மாலை என் மகளை விசாரிக்கப் போகிறார்கள். அவள் செய்த குற்றம், கோச் தோளில் தட்டியபோது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது.

விசாரணை என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த நாட்டில் எதற்கும் ஒரு வழவழப்பான சொல் வைத்திருப்பார்கள். மின்னஞ்சலில் ‘சிறு கலந்துரையாடல்’ என்று இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் கட்டாயம் வர வேண்டுமாம். மகள் கோச்சிடம் மன்னிப்புக் கேட்டால் அடுத்த சீசனுக்கு அணியில் இடம் உண்டு, கேட்காவிட்டால் யோசிப்பார்களாம். கடைசியில் ‘அன்புடன்’ என்று வேறு போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக அந்த அன்புடனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஐஸ் ஹாக்கி தெரிந்திருக்காது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டித் தரையில், அடியில் கத்தி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, மட்டையால் ஒரு ரப்பர் வில்லையைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். கோல் காப்பவரைத் தவிர ஐந்து பேர் உள்ளே இருப்பார்கள். அதில் முன்னால் போய்க் கோல் போடும் மூன்று பேரைச் சேர்த்து ஒரு லைன் என்பார்கள். எங்கள் அணியில் மூன்று லைன். ஒரு நிமிஷம் முழுமூச்சாக ஓடினால் போதும், நாக்கு தள்ளிவிடும். அந்த லைன் வந்து பெஞ்சில் உட்காரும், அடுத்த லைன் போகும். கோச் பின்னால் நின்றுகொண்டு, அடுத்துப் போக வேண்டியவர்களின் தோளில் தட்டுவார். தட்டினால் எழ வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

மூன்று லைனையும் மாற்றி மாற்றி இறக்கினால், கோல் யாரிடமிருந்து வேண்டுமானாலும் வரும். எதிரணிக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியாது. அப்படிச் செய்யாமல், நன்றாக ஆடுகிற ஒரே லைனைத் திரும்பத் திரும்ப இறக்குகிற கோச்சுகளும் இருக்கிறார்கள். எங்கள் கோச் கிரெக் அந்த ஜாதி. அவர் நம்பிக்கொண்டிருந்த அந்த முதல் லைனுக்கு நடுவில் ஆடுகிறவள் என் மகள் நிலா. வயது பதின்மூன்று.

உன் மகளைத்தானே நம்புகிறார், உனக்கென்ன கோபம் என்று கேட்பீர்கள். மேகனின் அம்மாவும் அதையேதான் கேட்டாள். மேகன் மூன்றாவது லைன் பெண். சீசன் முழுக்கப் பெஞ்சைச் சூடாக வைத்திருந்தவள். “உங்கள் இடத்தில் நான் இருந்தால் தினமும் கிரெக்குக்குக் கேக் செய்து கொடுப்பேன்” என்றாள். அவளுக்கு என்ன தெரியும், நான் எந்த ஊரில் என்ன பார்த்துவிட்டு வந்தவன் என்று.

2

சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கே விளக்கு எரியும். காரின் எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க இரவெல்லாம் மின்சாரத்தில் சொருகி வைத்திருப்போம். முதலில் போய் அந்த வயரைப் பிடுங்க வேண்டும். என் மனைவி எஸ்தர் ஆஸ்பத்திரி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருப்பாள், தூக்கக் கண்ணோடு ஃபிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுப்பாள். நிலா பின்சீட்டில் ஏறிக் காதில் எதையோ மாட்டிக்கொள்வாள். வழியெல்லாம் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் ஒரு சொல்லில்.

அவளுடைய தமிழ் இப்போது இரண்டு இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது. ஒன்று சாப்பாட்டுத் தட்டு. இன்னொன்று என் அண்ணன் செல்வம். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்னக் கடை. தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை. இங்கே விடியும்போது அங்கே அந்தி. கடையைச் சாத்துகிற நேரத்தில் நான் வீடியோவில் கூப்பிட்டு, போனை ஆடுகளத்தைச் சுற்றியிருக்கிற கண்ணாடித் தடுப்புக்கு எதிரே பிடித்துக்கொண்டு நிற்பேன். கை மரத்துப்போகும். ஆனாலும் அண்ணன் ஓர் ஆட்டம்கூட விட்டதில்லை. கரும்பு லாரி போகிற சத்தத்துக்கு நடுவில், காயில் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஐஸ் ஹாக்கி பார்க்கிற ஒரே ஆள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அவராகத்தான் இருப்பார்.

ஜனவரியில் நிலா ஆட்டம் முடிந்து படி ஏறும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினாள். கேட்டேன். தொடையின் மேல்பக்கம் லேசாக இழுக்கிறது, ஒன்றுமில்லை என்றாள். அடுத்த வாரமும் அப்படியே ஏறினாள். கோச்சிடம் சொல்கிறேன் என்றதும் அழுதுவிட்டாள்.

“சொல்லாதீங்கப்பா. சொன்னா என்னை உக்கார வெச்சுருவார். என்னை விட்டா டீம்ல யாரும் இல்ல.”

அழுகை வந்தால் அவளுக்குத் தமிழ் வந்துவிடும். ஆனால் எனக்கு அவள் அழுகையைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்தியது. பதினைந்து பெண்கள் இருக்கிற அணியில் ‘யாரும் இல்லை’ என்று ஒரு குழந்தையைச் சொல்லவைத்திருக்கிறார்கள். அதை அவள் பெருமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

3

அந்த வாக்கியம் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்க் கபடி அணியில் நான் அதைக் கேட்டே வளர்ந்தேன்.

அணியில் ஏழு பேர். ஆனால் எதிர்ப்பக்கம் ஏறிப் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருவது ஒருவர்தான், செல்வம் அண்ணன். மற்ற ஆறு பேர் பிடிக்க மட்டும். பயிற்சியில்கூட எங்களை ஏற விட்டதில்லை. ஆசைப்பட்டு ஒருநாள் ஏறினேன், அணியை நடத்திய பெரியவர் குப்புசாமி காதைத் திருகினார். “செல்வம் இருக்கும்போது ஒனக்கு இன்னாடா ஏத்தம்?” பொங்கல் போட்டிக்கு ரோட்டில் வைத்த பேனரில் அண்ணன் படம், அண்ணன் பெயர். எங்களைக் கீழே ‘மற்றும் குழுவினர்’ என்று போட்டிருந்தார்கள். என் பெயர் குமார் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. செல்வம் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.

கபடியில் ஒருவர் அவுட் ஆனால் வெளியே போய் உட்கார வேண்டும். நம் ஆளில் ஒருவர் எதிராளியைத் தொட்டுவிட்டு வந்தால்தான், வெளியே இருப்பவர் உள்ளே வர முடியும். எதிரணிக்காரர்களுக்கு எங்கள் குட்டு தெரிந்துபோனது. செல்வத்தை ஒருமுறை அமுக்கினால் போதும். அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவர எங்களில் ஒருத்தனுக்கும் ஏறத் தெரியாது.

அதற்கு எங்கள் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், பாருங்கள். இந்த அறிவு வேறு எந்த ஊருக்கும் வராது. அண்ணன் அவுட் ஆனதும், உள்ளே மிச்சம் இருக்கிறவர்கள் வேண்டுமென்றே ஒவ்வொருவராகப் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். மொத்த அணியும் அவுட் ஆனால் எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதலாகப் போகும். போகட்டும். ஏழு பேரும் மறுபடி உள்ளே வரலாம் இல்லையா, செல்வம் வந்துவிடுவார் இல்லையா. ஒரு ஆளை உள்ளே கொண்டுவர ஆறு ஆள் தலையைக் கொடுப்பது. இதை நாங்கள் வருஷக்கணக்காகச் செய்தோம். ஜெயிக்கவும் செய்தோம், அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ரிஷிவந்தியம் அணியோடு இறுதி ஆட்டம். கல்வராயன் மலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, அண்ணன் வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே நான் ஒருவன்தான் மிச்சம். மாட்டிக்கொள்ளத்தான் ஏறினேன். ஆனால் எதிரே ஓரத்தில் நின்றவன் மண்ணில் கால் வழுக்கி ஒரு முட்டி போட்டுவிட்டான். என் கைக்கு எட்டுகிற தூரம். அவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் அண்ணன் உள்ளே வந்துவிடுவார், இரண்டு புள்ளியும் போகாது. கையை நீட்டினேன்.

“டேய் செல்வம் தம்பி! மூச்ச வுட்றா! குடுத்துட்டு வெளிய வாடா!”

பின்னாலிருந்து குப்புசாமியின் குரல். அவர் பின்னால் ஊரே கத்தியது. நான் மூச்சை விட்டேன். அந்த இரண்டு புள்ளியில்தான் தோற்றோம்.

அண்ணன் உள்ளே வந்ததும் மூச்சுவாங்க விடாமல் ஏற்றினார்கள். ஏறி ஏறி, கடைசியில் நான்கு பேர் சேர்ந்து கணுக்காலைப் பிடித்தபோது உடம்பு ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமும் திரும்பியது. தூக்கிக்கொண்டு போகும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார். “மன்னிச்சுக்கங்கப்பா. என்னாலதான் தோத்துட்டோம்.” ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு வேறு ஒருவன் படம் பேனரில் வந்தது. அண்ணன் இன்றுவரை இடது காலை இழுத்துத்தான் கடைக்குப் போகிறார்.

4

போன வாரம் எங்கள் ப்ளே ஆஃப், அதாவது சீசனின் கடைசிச் சுற்று, தொடங்கியது. சனிக்கிழமை ஓர் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம். இரண்டும் தோற்றால் சீசன் முடிந்தது.

சனிக்கிழமை எதிரணி கோச் எளிதான காரியம் ஒன்று செய்தாள். நல்ல தடுப்பாட்டக்காரிகள் மூவரைச் சேர்த்து ஒரு லைன் ஆக்கி, நிலா எப்போது உள்ளே வந்தாலும் அவர்களை இறக்கினாள். நிலா எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு ஒருத்தி. எங்கள் மற்ற இரண்டு லைனைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஏன் இருக்கப்போகிறது? எங்கள் கோச்சுக்கே இல்லையே.

கிரெக் என்ன செய்தார்? நிலாவை இன்னும் அதிகமாக இறக்கினார். வந்து உட்காருவாள், தண்ணீர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோவாள், தோளில் தட்டுவார். ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதியில் அவள் ஓட்டம் நடையாகிவிட்டது. அவளால் திரும்ப முடியாத ஒரு நொடியில் எதிரணிக்காரி தாண்டிப் போய்க் கோல் போட்டாள். ஒன்றுக்குப் பூஜ்யம்.

ஆட்டம் முடிந்து, உடை மாற்றும் அறைக்கு வெளியே ரப்பர் விரித்த நடையில் நான் போனோடு நின்றேன். நிலா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பெண்ணாகக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள்.

“இன்னாடா சொல்லுது அது?” என்றார் அண்ணன் போனில்.

“மன்னிப்புக் கேக்குதுண்ணா. அவளாலதான் தோத்தாங்களாம்.”

அங்கே கடை ஷட்டரை யாரோ இறக்குகிற சத்தம் மட்டும் வந்தது.

“போன அதுகிட்ட குடு.”

கொடுத்தேன். வியர்வை வழிகிற முகத்தோடு நிலா திரையைப் பார்த்தாள்.

“நிலா, பெரியப்பா பேசறேன். நீ ஏம்மா மன்னிப்புக் கேக்கற? மூச்சு வாங்க வுடாம ஒன்ன ஓட வுட்டது யாரு? மத்த பொண்ணுங்கள சும்மா ஒக்கார வெச்சுகினு இருந்தது யாரு? கேக்கறதா இருந்தா அவங்க கேக்கட்டும். நீ கேக்காத. இன்னா, புரியுதா?”

நிலா தலையாட்டினாள்.

“எனக்கு இதச் சொல்ல ஒரு ஆளு இல்ல” என்றார், அவளிடமா என்னிடமா என்று தெரியாத குரலில். பிறகு, பஸ் வருது, வூட்டுக்குப் போறேன் என்று வைத்துவிட்டார். அண்ணன் வீட்டுக்குப் பஸ்ஸில் போவதில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு.

5

அப்போதே போய் கிரெக்கின் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் இங்கே ஒரு விதி இருக்கிறது. ஆட்டம் முடிந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பெற்றோர் யாரும் கோச்சிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. கோபம் தணியட்டும் என்று ஏற்பாடு. சீசன் தொடக்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்த ஆட்டம் ஞாயிறு காலை ஏழரைக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் முடிவதற்குள் அடுத்த ஆட்டம் முடிந்துவிடும். என் மகளின் காலைப் பற்றி நான் வாய் திறக்க அனுமதி கிடைக்கிற நேரத்தில், அந்தக் கால் இன்னொரு முறை ஓடி முடித்திருக்கும். இந்த விதியை எழுதியவருக்கு யார் கோபத்தைப் பற்றிக் கவலை, யார் காலைப் பற்றிக் கவலை?

அணி மேலாளர் என்று ஓர் அம்மா இருக்கிறாள். அவளுக்குப் போன் செய்தேன். மகளுக்குக் காயம் என்றால் மருத்துவச் சான்று வேண்டும் என்றாள். சனிக்கிழமை மதியம் எந்த டாக்டர் உட்கார்ந்திருக்கிறார்? காயம் இல்லை, களைப்பு என்றால் அது கோச்சின் முடிவு, விதிப்படி காத்திருங்கள் என்றாள். கோபம் வந்தால் என் ஆங்கிலம் என்னை விட்டுப் போய்விடும். இலக்கணம் எல்லாம் உதிர்ந்து, வந்த புதிதில் பேசினேனே, அந்த ஆங்கிலம் திரும்பி வந்துவிடும். அவள் மிகப் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல் விதியை மறுபடி சொன்னாள். நான் போனை வைத்துவிட்டுக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சுத்தமான தமிழில் சொன்னேன்.

“நாளைக்கு அனுப்பாம விடுங்க” என்றாள் எஸ்தர்.

“போகணும்னு நிக்கறாளே.”

“அப்ப அவளே பாத்துக்கட்டும். நீங்க கத்தி அவமானப்படுத்தாம இருந்தாப் போதும்.”

எஸ்தருக்கு எல்லாம் இரண்டு வரிதான். களமருதூர்க்காரி, அவர்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான்.

6

ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. அதே மூவர் நிலாவை ஒட்டிக்கொண்டார்கள். இரண்டாவது பகுதியில் நாங்கள் இரண்டு கோல் பின்னால். நிலாவின் லைன் நீண்ட ஓட்டம் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தது. நான் எதிர்ப்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கிரெக்கின் கை அவள் தோளில் விழுந்தது.

நிலா எழுந்திருக்கவில்லை.

மறுபடி தட்டினார். அவள் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இருபக்கமும் இருந்த முதல் லைன் பெண்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு அவர்களும் எழுந்திருக்கவில்லை. கிரெக் குனிந்து ஏதோ கத்தினார். நிலா பெஞ்சின் கோடியில் இருந்த மேகனை மட்டையை நீட்டித் தட்டிப் போ என்று கைகாட்டினாள். மேகன் பதறிப்போய்க் கையுறையைத் தேடினாள். அதை எப்போதோ கழற்றிக் காலடியில் வைத்துவிட்டிருந்தாள். தேடி மாட்டிக்கொண்டு தடுப்பைத் தாண்டிக் குதித்தாள்.

காரில் வரும்போது கேட்டேன், கால் வலியா என்று. வலிதான், ஆனால் அதனால் இல்லை என்றாள். “மேகன் கையுறையைக் கழற்றி வெச்சிருந்தாப்பா. தன்னைக் கூப்பிடவே மாட்டாங்கன்னு தெரிஞ்சு. அதைப் பாத்தேன்.” முழுதும் தமிழில் சொன்னாள்.

கிரெக் அதற்குப் பிறகு நிலாவை இறக்கவே இல்லை. தண்டனையாம். மிச்ச நேரம் முழுக்க மற்ற இரண்டு லைன்தான். என்ன அழகு பாருங்கள், சீசன் முழுக்க அவருக்கு முடியாமல் போன காரியம், ஒரு பெண்ணைத் தண்டிக்க வேண்டும் என்றதும் முடிந்துவிட்டது. மூன்றுக்கு ஒன்றில் தோற்றோம். சீசன் முடிந்தது. திங்கட்கிழமை அந்த ‘அன்புடன்’ மின்னஞ்சல் வந்தது.

7

நாங்கள் போட்ட அந்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆட்டம் முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது அரங்கத்தில் ஒரு கூச்சல். எங்கள் பெஞ்சில் நிலா எழுந்து நின்று மட்டையால் தடுப்பை ஓங்கி ஓங்கி அடித்தாள். பெஞ்சே சேர்ந்து அடித்தது.

“இன்னாடா ஆச்சு? இன்னா ஆச்சு?” அண்ணன் கத்தினார்.

“கோல்ண்ணா, நமக்குக் கோல்!”

“யாரு போட்டது?”

“பாக்கலியா நீங்க?”

“எங்க பாக்கறது? அரமணி நேரமா ஒம் பொண்ணு ஒக்காந்துகினு இருக்கறதத்தான காட்டிகினு இருக்க? போன அந்தப் பக்கம் திருப்புடா!”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிரெக்கைத் திட்டிக்கொண்டே நானும் போனை நிலாவை விட்டு நகர்த்தவே இல்லை. திருப்பினேன். பனித்தரையில் நான்கைந்து பெண்கள் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஹெல்மெட் கோணலாகிக் கண்ணை மறைத்திருந்தது.

“அந்தப் பொண்ணா? பேரு இன்னா?”

“மேகன்.”

“மேகனு!” என்று கூவினார் அண்ணன். கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி, கையைத் தட்டிக்கொண்டு, “அப்படித்தான் மேகனு! போடு இன்னொண்ணு!” பக்கத்துக் கடைக்காரர் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தது திரையில் தெரிந்தது. எங்கள் ஊரில் என் பெயரை யாரும் ஒருநாளும் அப்படிக் கூவியதில்லை. கிரெக் மேல் இருந்த கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது, போகவில்லை.

நேற்று அண்ணனிடம் மின்னஞ்சல் விஷயத்தைச் சொன்னேன். நிலா மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, இடம் போனாலும் போகட்டும் என்கிறாள், நானும் கேள் என்று சொல்லப்போவதில்லை என்றேன். கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“அந்த மீட்டிங்ல என்னையும் போன்ல வெச்சுக்க” என்றார்.

“இங்கிலீஷ்ல பேசுவாங்கண்ணா. ஒங்களுக்கு ஒண்ணும் புரியாது.”

“புரியாட்டி போவுது. நான் இன்னா பேசவா போறேன்? புள்ள பக்கத்துல சும்மா ஒக்காந்துகினு இருக்கேன். எவன் தட்னாலும் எழுந்திருக்க மாட்டேன்.”

நாளை போனை மேசை மேல் நிலாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கப்போகிறேன்.